ஒரே தடம், இரண்டு ஊதியம்

அத்திப்பட்டு முதல் கும்மிடிப்பூண்டி வரை பெண்ணின் சம்பளம் குறைவது எதனால்?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் மின்ரயில் எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றின் கழியும் அதற்கப்பால் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளும் கண்ணில் படுகின்றன; அத்திப்பட்டு புதுநகரிலும் அத்திப்பட்டிலும் காலை ஷிப்டுக்காக இறங்கும் கூட்டத்தில், தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் கழுத்தில் தொங்கும் நுழைவு அட்டையுமாக மின் நிலையத்தையும் துறைமுகத்தையும் சரக்குப் பெட்டக முனையங்களையும் நோக்கி நடப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. அதே வண்டியில் வரும் பெண்களுள் சிலர் அந்த வளாகங்களுக்குள்ளேயே துப்புரவுப் பணிக்கும் கேன்டீன் வேலைக்கும் செல்கின்றனர்; சிலர் பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வரை சென்று பேக்கிங், அசெம்ப்ளி பிரிவுகளில் நிற்கின்றனர்; வேறு சிலர் ஊர் முனையில் காத்திருக்கும் கம்பெனிப் பேருந்தில் ஏறி, மாநில எல்லையைக் கடந்து ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி தொழில்நகருக்குப் போகின்றனர். தண்டவாளம் ஒன்று, பயணச்சீட்டின் விலையும் ஒன்று. மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகை மட்டும் ஒன்றாக இருப்பதில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எது என்ற விவாதம் பொருளியல் துறையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. பெண்களை முதலாளிகள் வேண்டுமென்றே குறைத்து மதிப்பிடுகின்றனர் என்பது ஒரு தரப்பு. பெண்கள் தேர்ந்தெடுக்கும் வேலை, வேலைநேரம், இடையில் எடுக்கும் விடுப்பு ஆகியவற்றின் விளைவே குறைந்த ஊதியம், அதில் அநீதி என்று சொல்ல எதுவுமில்லை என்பது மறுதரப்பு. அத்திப்பட்டு வட்டாரத்தின் உழைப்புச் சந்தையை அருகிலிருந்து நோக்கினால், இரண்டாம் தரப்பு ‘தேர்வு’ என்று பெயரிடும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சட்டப்பிரிவோ, ஆள் எடுக்கும் வழக்கமோ, பேருந்து நேரமோ, சமையலறைக் கடமையோ நிற்பதைக் காணலாம். தேர்வு என்பது இங்கே பெரும்பாலும், எஞ்சியிருந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டதற்குக் கொடுக்கப்படும் பெயர்.

எதை எதனோடு ஒப்பிடுவது

‘பாலின ஊதிய இடைவெளி’ என்பது எல்லா ஆண் தொழிலாளர்களின் சராசரி ஊதியத்துக்கும் எல்லாப் பெண் தொழிலாளர்களின் சராசரி ஊதியத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்களின் ஊதியத்தில் இத்தனை சதவீதம் என்று சொல்லும் அளவு. ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுக்கப்படுகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதிலிருந்துதான் பாதிச் சண்டை பிறக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட இந்திய ஊதிய அறிக்கையின்படி, இந்த இடைவெளி 1993-94இல் 48 சதவீதமாக இருந்து 2011-12இல் 34 சதவீதமாகக் குறைந்தது. குறைந்த பின்னரும் அது உலக அளவில் உயர்ந்த இடைவெளிகளுள் ஒன்றாகவே இருந்தது.

இந்த இடைவெளியைக் காரணவாரியாகப் பிரிப்பதற்குப் பொருளியலர்கள் பயன்படுத்தும் முறையை 1973இல் ரொனால்ட் ஒஹாக்காவும் ஆலன் பிளைண்டரும் தனித்தனியே வகுத்தளித்தனர். படிப்பு, வயது, அனுபவம், தொழில், வேலைநேரம் ஆகியவற்றில் ஆணும் பெண்ணும் ஒத்திருந்தால் இடைவெளி எவ்வளவு சுருங்கும் என்று அம்முறை கணக்கிடுகிறது. சுருங்கும் பகுதிக்கு ‘விளக்கப்பட்ட பகுதி’ என்றும் அதற்குப் பின்னும் எஞ்சுவதற்கு ‘விளக்கப்படாத பகுதி’ என்றும் பெயர். எஞ்சுவதையே பலரும் பாகுபாட்டின் அளவாகக் கொள்கின்றனர். ஆக்ஸ்ஃபாம் இந்தியா 2022இல் வெளியிட்ட பாகுபாட்டு அறிக்கை, மாதச் சம்பளம் பெறும் பெண்களின் குறைந்த ஊதியத்தில் 67 சதவீதம் பாகுபாட்டாலும் எஞ்சிய 33 சதவீதம் கல்வி, அனுபவக் குறைவாலும் நேர்வதாகக் கணித்தது. அமெரிக்காவில் ஃபிரான்சீன் பிளாவும் லாரன்ஸ் கானும் 2017இல் வெளியிட்ட ஆய்விலோ, எந்தத் தொழில், எந்தத் துறை என்ற வேறுபாடே இடைவெளியின் பெரும்பங்கை விளக்கியது.

முறையில் குறை இல்லை. அதைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. விளக்கப்பட்ட பகுதி என்றால் நியாயமான பகுதி என்று எடுத்துக்கொள்வது தவறு. உருக்காலையின் ஃபர்னஸ் பிரிவில் பெண் இல்லாததால் அவளுக்கு ஃபர்னஸ் சம்பளம் இல்லை என்பது கணக்கின்படி முழுமையான விளக்கமே. ஆனால் ஃபர்னஸ் பிரிவில் அவள் ஏன் இல்லை என்ற கேள்விக்குக் கணக்கு பதில் சொல்வதில்லை. அந்தப் பதிலைத் தேட வேண்டிய இடம் தொழிற்சாலையின் வாயில்.

வாயிலில் நடக்கும் பிரிப்பு

வடசென்னை அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும் 1990களின் நடுவில் இயங்கத் தொடங்கின. பின்னர் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு சேர்ந்தன. 2024 மார்ச்சில் 800 மெகாவாட் அலகு ஒன்று தொடங்கிவைக்கப்பட்டது. வல்லூரில் மத்திய, மாநில மின் நிறுவனங்களின் கூட்டில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று உள்ளன. இன்று காமராஜர் பெயரைத் தாங்கும் எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் வந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கு ஆலைகளும் கம்பி உருட்டும் ரோலிங் மில்களும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்துள்ளன. நிலக்கரி, இரும்பு, கப்பல், லாரி என்று இந்த வட்டாரத்தின் முதலீடு பெரும்பாலும் ஆண்களையே வேலைக்கு எடுத்துப் பழகிய துறைகளில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான சித்திரத்தை மாநிலப் புள்ளிவிவரம் தருகிறது. இந்தியாவின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் தமிழ்நாட்டில் இருப்பதாக ஆண்டுதோறும் எடுக்கப்படும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின் அண்மைய அறிக்கைகள் கூறுகின்றன. பெருமைக்குரிய எண்தான் அது. ஆயினும் இந்தப் பெண்கள் திரண்டிருப்பது நூற்பு, ஆயத்த ஆடை, காலணி, மின்னணுப் பொருத்து ஆலைகள் போன்ற சில துறைகளில்தான், அவற்றிலும் மேற்பார்வையாளருக்குக் கீழ்ப்பட்ட நிலைகளில்தான். ஒரு பாலினத்தார் சில தொழில்களில் மட்டும் குவிக்கப்படுவதைப் பொருளியல் ‘தொழில்வழிப் பிரிவினை’ என்கிறது. குவிந்த இடத்தில் வேலை தேடுவோர் எப்போதும் மிகுதியாக இருப்பதால் கூலி ஏறுவதில்லை.

இந்தப் பிரிவினையைச் சந்தை தானே கரைத்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. கேரி பெக்கர் 1957இல் எழுதிய நூலில் பாகுபாட்டை முதலாளியின் ஒருவகை விருப்பு வெறுப்பாகக் கண்டார். திறமையான பெண்ணை ஒதுக்குபவர் அதனால் நட்டப்படுவார், ஒதுக்காதவர் இலாபம் ஈட்டி அவரைச் சந்தையிலிருந்து விரட்டுவார் என்ற முடிவு அக்கருத்திலிருந்து பெறப்பட்டது. எட்மண்ட் ஃபெல்ப்ஸும் கென்னத் ஆரோவும் 1970களில் முன்வைத்த ‘புள்ளியியல் பாகுபாடு’ என்ற கருத்து இந்த நம்பிக்கையை அசைத்தது. தனியொரு பெண்ணைப் பற்றி அறியாத முதலாளி, பெண்கள் பொதுவாகக் கல்யாணமானால் நின்றுவிடுவார்கள் என்ற சராசரி எண்ணத்தை அவள் மீது ஏற்றி, பயிற்சி தரத் தயங்குகிறார். பயிற்சி கிடைக்காதவளுக்கு வேலையில் நீடிக்கப் பிடிப்பு இல்லாமல் போகிறது. அவள் நிற்கும்போது முதலாளியின் எண்ணம் உறுதிப்படுகிறது. இங்கே யாருக்கும் வெறுப்பு தேவையில்லை, நட்டமும் இல்லை. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் படிப்புகளில் பெண்கள் அரிதாக இருப்பதும், கான்ட்ராக்டர்கள் அறிந்தவர் வழியாகவே ஆள் சேர்ப்பதும் இந்தச் சுழற்சியின் பகுதிகளே.

தொழிற்சாலைக்கு வெளியே நிலைமை இன்னும் வெளிப்படையானது. கட்டுமானத்தில் ஆண் உதவியாளர் பெரியாள், பெண் சித்தாள். இருவரும் ஒரே சாரத்தில் ஒரே கலவையைச் சுமந்தாலும் பெயர் மாறியதும் கூலி மாறிவிடுகிறது. பொன்னேரி, மீஞ்சூர் வயல்களில் நடவும் களையெடுப்பும் பெண்ணின் வேலை என்றும் வரப்பு வெட்டும் மருந்தடிப்பும் ஆணின் வேலை என்றும் பிரித்து வைத்து, அதன் பேரில் இரண்டு கூலி பேசப்படுவது நெடுநாள் வழக்கம். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து அறுக்கும் கல்லுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டு, முன்பணமும் கூலியும் ஆணின் பெயரிலேயே எழுதப்படுவது வழக்கமாக இருப்பதால், பெண்ணுக்குத் தனி ஊதியமே இல்லை. ஊதியம் இல்லாத இடத்தில் இடைவெளியை எந்தக் கணக்கெடுப்பாலும் அளக்க முடியாது.

கடிகாரம் வைக்கும் விலை

ஒரே வாயிலுக்குள் ஆணும் பெண்ணும் ஒரே பதவியில் நுழைந்துவிட்டால் இடைவெளி மறைந்துவிடுமா என்பது அடுத்த கேள்வி. இதற்குத் தெளிவான சான்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வந்தது. அந்நகரின் பேருந்து, ரயில் ஓட்டுநர்கள் ஒரே தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள். மணிக்கூலி பணிமூப்புப்படி ஒன்றே. மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடமே குறைவு. ஆயினும் ஓர் ஆண் ஒரு டாலர் பெறும்போது பெண் 89 சென்ட் மட்டுமே பெறுவதை வாலண்டின் பொலொட்னி, நடாலியா இமானுவல் என்னும் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். காரணம் ஓவர்டைம். திடீரென்று அறிவிக்கப்படும் கூடுதல் நேர வேலையை ஆண்கள் எடுத்தனர். வீட்டில் பிள்ளை இருந்த பெண்களால் எடுக்க முடியவில்லை, ஊதியமில்லா விடுப்பும் அவர்களே மிகுதியாக எடுக்க வேண்டியிருந்தது.

2023இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இத்தகைய வேலைகளைப் ‘பேராசை வேலை’ என்று குறித்தார்: எந்த நேரத்திலும் கூப்பிட்டால் வரக்கூடியவருக்கு மணிக்கணக்குக்கும் மேலான பரிசைத் தரும் வேலை. பிள்ளை பெற்ற குடும்பத்தில் இருவரும் அப்படி இருக்க இயலாது. ஒருவர் கம்பெனியின் அழைப்புக்குப் போகிறார், மற்றவர் வீட்டின் அழைப்புக்காக ஒதுங்குகிறார். 2024ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். எவர் ஒதுங்குவார் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

■ பெட்டிச் செய்தி: ஓ.டி. கணக்கு

நெடுங்காலம் நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, வாரம் 48 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இருமடங்கு கூலி தர வேண்டும். காலாண்டுக்கு 50 மணி நேரம் என்பது ஓ.டி.யின் பொது வரம்பு. மாதம் 25 நாளுக்கு 15,000 ரூபாய் பெறும் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொண்டால், அவரது மணிக்கூலி 75 ரூபாய், ஓ.டி. மணிக்கு 150 ரூபாய். சட்ட வரம்புக்குள் நின்று மாதம் 16 மணி நேரம் கூடுதலாக உழைத்தாலே 2,400 ரூபாய், அதாவது 16 சதவீதம், மேலும் கிடைக்கும். அதே பதவியில், அதே அடிப்படைச் சம்பளத்தில், ஆறு மணிக்குக் கிளம்பும் கம்பெனிப் பேருந்தை விட முடியாத பெண்ணுக்கு அந்தத் தொகை இல்லை. வரம்பை மீறி ஓ.டி. பார்க்கும் இடங்களில் வேறுபாடு இன்னும் விரியும்.

இரவு ஷிப்டின் கதை சட்டத்திலேயே தொடங்குகிறது. அதே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொழிற்சாலையில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் வசந்தா எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் அத்தடையை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்து, போக்குவரத்து, ஓய்வறை, பாலியல் தொல்லைக்கு எதிரான பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளுடன் இரவுப் பணிக்கு வழி திறந்தது. பெண்ணைக் காப்பதற்கென்று எழுதப்பட்ட பிரிவு, மூன்று ஷிப்டுகளில் சுழலும் ஆலைகளில் பெண்ணை எடுக்காமலிருப்பதற்கு ஐம்பது ஆண்டுகளாகச் சட்டப்பூர்வமான காரணமாக விளங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. தடை நீங்கிய பிறகும் அது உருவாக்கிய வழக்கம் நீங்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் மீஞ்சூரிலிருந்து உள்கிராமத்துக்குச் செல்ல வண்டி இல்லாத வரை தீர்ப்பின் பயன் வாகனம் தரும் பெரிய கம்பெனிகளின் வாசலோடு நின்றுவிடுகிறது.

கல்யாணம் என்னும் முறிவு

டென்மார்க்கின் நிருவாகப் பதிவேடுகளை ஆராய்ந்து ஹென்ரிக் கிளெவனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட கட்டுரை, முதல் குழந்தை பிறக்கும் வரை ஏறக்குறைய இணையாகச் செல்லும் ஆண், பெண் வருமானக் கோடுகள் அதன்பின் பிரிந்து, பெண்ணின் வருமானம் நீண்டகால அளவில் ஏறத்தாழ 20 சதவீதம் தாழ்ந்தே நிற்பதைக் காட்டியது. இதைத் ‘தாய்மைத் தண்டம்’ என்று சொல்லலாம். தமிழ்நாட்டின் ஆலைத் தொழிலாளப் பெண்ணுக்கு இந்த முறிவு குழந்தைக்கு முன்பே, கல்யாணத்திலேயே வந்துவிடுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கானின் ஐஃபோன் ஆலையில் திருமணமான பெண்கள் பொருத்துப் பணிக்கு எடுக்கப்படுவதில்லை என்று ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2024 ஜூனில் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது; அந்நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது; மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. இதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2021 டிசம்பரில், அதே ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். இரண்டு நிகழ்வுகளையும் இணைத்துப் பார்த்தால் ஓர் ஆள் எடுப்பு முறை புலப்படுகிறது. பள்ளியோ பட்டயமோ முடித்த இளம்பெண், விடுதியில் தங்கவைக்கப்பட்டு, வீட்டுப் பொறுப்பு ஏதும் இல்லாத சில ஆண்டுகளுக்கு மட்டும் வேலையில் வைத்துக்கொள்ளப்படுகிறாள். அவள் விலகும்போது அதே தொடக்கச் சம்பளத்தில் இன்னொருத்தி வருகிறாள். அனுபவத்துக்கு ஊதியம் ஏறும் கட்டத்தை எவளும் எட்டுவதில்லை. ‘பெண்களுக்கு அனுபவம் குறைவு’ என்று கணக்கின் விளக்கப்பட்ட பகுதியில் பதிவாவது இந்த ஏற்பாட்டின் விளைவே.

மகப்பேற்றுச் செலவே பெண்களை எடுக்கத் தயங்கச் செய்கிறது என்று முதலாளிகள் தரப்பில் சொல்லப்படுவது முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தி, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. அந்தச் சுமையின் ஒரு பகுதியையும் அரசு ஏற்காதது அச்சட்டத்தின் பெருங்குறை. ஆனால் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு மகப்பேற்றுக் கால ஊதியத்தைத் தருவது இ.எஸ்.ஐ. கழகம், முதலாளி மாதாமாதம் கட்டும் காப்பீட்டுப் பங்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம்தான். இந்த வட்டாரத்து அசெம்ப்ளி, பேக்கிங் பெண்களுள் மிகப் பலர் அந்த வரம்புக்குள் வருபவர்கள் என்பதால், அவர்களைப் பொறுத்தவரை இந்த வாதம் வலுவிழக்கிறது.

திறன் என்று எழுதுபவர் யார்

குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புகள் வேலைகளைத் திறன் பெற்றவை, ஓரளவு திறன் பெற்றவை, திறன் பெறாதவை என்று வகைப்படுத்துகின்றன. ஒரு வேலை எந்தப் பட்டியலில் விழுகிறது என்பதிலேயே பாதி ஊதியம் முடிவாகிவிடுகிறது. நூற்றுக்கணக்கானோருக்குக் குறித்த நேரத்தில் சமைத்துப் பரிமாறுவதும், மின்னணுத் தகட்டில் கண்ணுக்குப் புலப்படாத குறையைக் கண்டுபிடிப்பதும் எளிய வேலைகள் அல்ல. ஆனால் அவை பெண்ணின் கைக்கு இயல்பாகவே வருபவை என்று கருதப்படுவதால் கற்றுத் தேர்ந்த திறனாக எண்ணப்படுவதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கு உரிமம் உண்டு, ஆகவே அது திறன்.

இதைத் தொழிலாளப் பெண்களே எதிர்த்து மாற்றிய வரலாறு உண்டு. 1968இல் இங்கிலாந்தின் டாகன்ஹாம் ஃபோர்டு கார் ஆலையில் இருக்கை உறை தைத்த பெண்கள், தங்கள் வேலை கீழ்நிலைத் தரத்தில் வைக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து ஆலையை நிறுத்தினர். 1970இன் சம ஊதியச் சட்டத்துக்கு அது வழிகோலியது. அதைவிடவும் அத்திப்பட்டுக்கு அணுக்கமானது ஜூலி ஹேவர்டின் வழக்கு. கப்பல் கட்டும் தளம் ஒன்றின் கேன்டீனில் சமையல் வேலை பார்த்த அவர், தம் வேலையை அதே தளத்தின் தச்சர், வண்ணம் பூசுபவர், வெப்பக்காப்புப் பணியாளர் ஆகியோரின் வேலையோடு மதிப்பிட்டுப் பார்க்கக் கோரினார். 1988இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சமையலும் தச்சும் ஒரே வேலை என்று அவர் வாதிடவில்லை. இரண்டுக்கும் தேவைப்படும் பயிற்சி, உழைப்பு, பொறுப்பு ஆகியவற்றின் மதிப்பு சமம் என்றே வாதிட்டார்.

அருகில் கிடைக்கும் வேலை

தொழிலாளியால் எளிதில் வேறு முதலாளியிடம் போக முடியாத நிலையில், இருக்கும் முதலாளிக்குக் கூலியைக் குறைத்து வைக்கும் ஆற்றல் கிடைக்கிறது. ஜோன் ராபின்சன் 1933இல் விளக்கிய இதற்கு ‘ஒற்றைக் கொள்வோர் ஆதிக்கம்’ என்று பெயர். இருசக்கர வண்டியில் மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டி என்று மூன்று திசையிலும் வேலை விசாரிக்கக்கூடிய ஆணுக்கு முன் பத்து முதலாளிகள் இருக்கின்றனர். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்புமுன் வீடு சேர வேண்டிய தாய்க்கு ஒருவரோ இருவரோதான். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற மாநில அரசின் திட்டம் இந்த வட்டத்தைச் சற்று விரித்திருக்கிறது. ஊதிய உயர்வு ஆணைகள் சாதிக்காததைப் பேருந்துத் தடங்கள் சாதிக்கக்கூடும் என்பதை ஊதியக் கொள்கை வகுப்போர் இன்னும் போதுமான அளவு கருதிப் பார்க்கவில்லை.

இழப்பு போய்ச் சேரும் இடம்

மாதச் சம்பளத்தில் தெரியும் குறை அம்மாதத்தோடு தீர்வதில்லை. பணிக்கொடை பெற நெடுங்காலமாக ஐந்தாண்டுத் தொடர் பணி தேவைப்பட்டது; பத்தொன்பது வயதில் சேர்ந்து இருபத்து மூன்றில் கல்யாணத்துக்காக நின்ற பெண்ணுக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். தொகையோ, ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்துக் கணக்கிடப்படுகிறது. இந்தச் சூத்திரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், 15,000 ரூபாய் அடிப்படையில் முப்பதாண்டு உழைத்தவருக்கு மாதம் சுமார் 6,400 ரூபாயும் பத்தாண்டு உழைத்தவருக்கு சுமார் 2,140 ரூபாயும் வரும். ஒன்பதாண்டோடு நின்றவளுக்கு மாத ஓய்வூதியமே இல்லை. வேலைநேரமும் ஊதியமும் பணியாண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்வதால், இளமையில் பத்து, பதினைந்து சதவீதமாகத் தொடங்கிய இடைவெளி முதுமையில் ஒருவருக்கு ஓய்வூதியம், மற்றவருக்கு மகன் கையைப் பார்க்கும் வாழ்வு என்று முடிகிறது.

1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் இடம்பெற்ற விதி ஒன்று இதைப் பளிச்செனக் காட்டுகிறது. வேலையை விட்டவர் தம் கணக்கிலுள்ள தொகையை முழுவதும் எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று கூறிய அத்திட்டம், திருமணம் செய்துகொள்வதற்காகப் பணியை விடும் பெண் உறுப்பினருக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்று விலக்களித்தது. சலுகையாகத்தான் எழுதப்பட்டது, கல்யாணச் செலவுக்கு அது பல குடும்பங்களுக்கு உதவியும் இருக்கும். ஆனால் பெண்ணின் வேலை கல்யாணம் வரைக்கும்தான் என்ற எண்ணத்துக்குச் சட்டம் அளித்த ஒப்புதலாகவும் அது இருந்தது. முதுமைக்கான சேமிப்பு அவளிடமிருந்து தாலிச் செலவாகக் கைமாறியது.

குடும்பத்துக்குள் விளைவு வட்டமாகச் சுழல்கிறது. மாமியாருக்கு உடல்நலம் குன்றினால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், யார் விடுப்பு எடுப்பது என்பது பாசத்தை வைத்து மட்டும் முடிவாவதில்லை. யாருடைய நாள் சம்பளம் குறைவோ அவர் எடுப்பதே வீட்டுக்கு நட்டம் குறைவு. மனைவியின் சம்பளம் குறைவாக இருப்பதால் அவள் விடுப்பு எடுக்கிறாள். விடுப்பு எடுத்ததால் வருகைப்படி போகிறது, நிரந்தரப் பட்டியலில் பெயர் தள்ளிப்போகிறது, சம்பளம் மேலும் தாழ்கிறது. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முனையும் விவாதம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தொழிற்சாலைகள் வருமுன் கொசஸ்தலைக் கழியிலும் பழவேற்காட்டுப் பக்கத்திலும் பெண்களுக்குத் தம் பெயரில் வருமானம் இருந்தது: இருளர் பெண்கள் கையால் தடவி இறால் பிடித்தனர், மீனவக் குப்பங்களின் பெண்கள் கூடையில் மீன் எடுத்து மீஞ்சூர், பொன்னேரி, சென்னை வரை சென்று விற்றனர். சாம்பல் கழிவும் கரையடைப்பும் கழியைச் சுருக்கியபோது, இழப்பீடாகப் பேசப்பட்டது பெரும்பாலும் படகும் வலையும். வேலையாகக் கேட்கப்பட்டது பெரும்பாலும் வீட்டு ஆண்பிள்ளைக்கு ஒரு கான்ட்ராக்ட் இடம். கையால் பிடித்தவளுக்கும் கூடையில் சுமந்தவளுக்கும் காட்டுவதற்கு ஆவணம் ஏதுமில்லை. குடும்ப வருமானம் ஈடுசெய்யப்பட்டது என்று எழுதப்பட்ட இடங்களிலும், அக்குடும்பத்தில் ஒரு பெண்ணின் ஊதியம் சுழியமாகியிருக்கக்கூடும்.

சட்டம் எட்டும் தூரம்

■ பெட்டிச் செய்தி: சம ஊதியம், சில ஆண்டுகள்

1950: அரசமைப்பின் 39ஆம் உறுப்பு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியத்தை அரசின் நெறியாக வைத்தது.
1958: சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் கோரும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது.
1976: சம ஊதியச் சட்டம்.
1987: மெக்கின்னன் மெக்கன்சி எதிர் ஆட்ரி டிகோஸ்டா வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு.
2019: சம ஊதியச் சட்டத்தையும் உள்ளடக்கிய ஊதியத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை.

ஆட்ரி டிகோஸ்டாவின் வழக்கைத் தொழிற்சங்கங்கள் நினைவில் கொள்ள வேண்டும். பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியம் தந்த நிறுவனம், அது தொழிற்சங்கத்தோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி என்றும், தன் நிதிநிலை இடங்கொடாது என்றும் வாதிட்டது. இரண்டையும் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. ஒப்பந்த மேசையில் பெண் அமராத இடத்தில் பெண்ணின் ஊதியமே முதலில் விட்டுக்கொடுக்கப்படும் என்பதை அவ்வழக்கு பதிவு செய்தது.

ஆனால் அந்தத் தீர்ப்பும் பழைய, புதிய சட்டங்களும் ஒப்பிடுவது ‘ஒரே வேலை அல்லது அதை ஒத்த வேலை’ என்ற எல்லைக்குள் மட்டுமே. ஒரே கூரையின் கீழ் பேக்கிங் முழுவதும் பெண்களாகவும் லோடிங் முழுவதும் ஆண்களாகவும் பிரிக்கப்பட்டுவிட்டால் ஒப்பிடுவதற்கு ஆளே இல்லை. பேக்கிங் ஒரு கான்ட்ராக்டரிடமும் லோடிங் இன்னொருவரிடமும் இருந்தால் ஒப்பிடுவதற்கு நிறுவனமே இல்லை. சமையலாளியைத் தச்சரோடு வைத்துப் பார்க்கும் ‘சம மதிப்பு’ என்ற அளவுகோலை 1958இலேயே உலக மேடையில் ஏற்ற இந்தியா, இன்றுவரை உள்நாட்டுச் சட்டத்தில் எழுதவில்லை.

அத்திப்பட்டில் இதைத் தொடங்குவதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்குள்ள மிகப் பெரிய வளாகங்களில் மின் நிலையங்களும் காமராஜர் துறைமுகமும் அரசுடைமையானவை; அவற்றின் துப்புரவு, கேன்டீன், தோட்டப் பணி டெண்டர்களில் எந்த வேலையை எந்தத் திறன் வகையில் வைப்பது, ஷிப்ட் எப்போது முடிவது, இரவில் வண்டி உண்டா, கான்ட்ராக்டர் மாறும்போது பழைய பணியாண்டுகள் தொடருமா என்பதையெல்லாம் எழுதுவது அந்நிறுவனங்களே. முதன்மை முதலாளியின் நேரடித் தொழிலாளர் செய்யும் அதே அல்லது அதை ஒத்த வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அதே ஊதியம் தர வேண்டும் என்ற நிபந்தனை 1971ஆம் ஆண்டின் மத்திய ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளிலேயே இடம்பெற்றது. அடுத்த டெண்டர் ஆவணத்தில் கேன்டீன் சமையலும் கொதிகலன் பகுதித் துப்புரவும் எந்த வகையின் கீழ் எழுதப்படுகின்றன என்பதையும், கான்ட்ராக்டர்களின் ஊதியப் பதிவேட்டில் ஆண், பெண் தொகைகள் தனித்தனியே கூட்டிக் காட்டப்படுகின்றனவா என்பதையும் கேட்டுப் பெறும் உரிமை, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவ்வட்டாரத் தொழிற்சங்கத்தினருக்கு 2005 முதல் இருக்கிறது.